பயணிக் கப்பலும் ராட்சத டேங்கரும் அலங் மணலில் முடிவது எப்படி, ஏன்?

வயதான பெரிய பயணிக் கப்பல்களும் உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்களும் கடைசியில் என்ன ஆகின்றன, அவற்றை உடைக்கும் வேலை ஏன் குஜராத்தின் அலங் போன்ற கடற்கரைகளுக்கு வந்து சேர்கிறது, இரண்டு வகைக் கப்பல்களையும் உடைப்பதில் வேறுபாடு ஏதும் உண்டா என்பது கேள்வி. வேறுபாடு உண்டு, அதுவும் உயிர் தொடர்பான வேறுபாடு. எண்ணெய்க் கப்பல் தன்னை உடைக்கும் தொழிலாளியை ஒரு நொடியில் கொல்லக்கூடியது. பயணிக் கப்பல் முப்பது ஆண்டுகள் கழித்து, அவர் சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகு, நுரையீரல் வழியாகக் கொல்லக்கூடியது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கப்பல் மணலில் ஏறும் நாளில், அதைக் கட்டி ஓட்டிப் பல பத்தாண்டுகள் சம்பாதித்த நிறுவனம் பெரும்பாலும் அதன் உரிமையாளராக இருப்பதில்லை. கப்பல் உடைப்பின் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கப்பல் சரக்கு, எரிபொருள், நீர் எதுவும் இல்லாமல் தானே எவ்வளவு எடை இருக்கிறதோ அந்த வெற்று எடைக்குத்தான் உடைப்புச் சந்தையில் விலை. மூன்று லட்சம் டன் கச்சா எண்ணெய் சுமக்கும் டேங்கரின் வெற்று எடை ஏறக்குறைய 40,000 டன் இருக்கும். அண்மை ஆண்டுகளில் தெற்காசியத் தளங்கள் ஒரு டன்னுக்கு 300 முதல் 600 டாலர் வரை, சந்தை நிலவரத்தைப் பொறுத்துக் கொடுத்திருக்கின்றன. அதாவது ஓடி முடித்த ஒரு பெரிய டேங்கர், அதன் உரிமையாளருக்குக் கடைசி நாளிலும் ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி டாலரைக் கொண்டுவந்து தரும் சொத்து. கழிவை அகற்றுவதற்கு உலகில் எங்கும் நாம் பணம் கொடுக்கிறோம். கப்பலைப் பொறுத்தவரை கழிவை வாங்குபவரே பணம் கொடுக்கிறார். இந்தத் தலைகீழ் நிலை ஒழியாதவரை உரிமையாளர் தாமாகவே அதிகச் செலவுள்ள, பாதுகாப்பான தளத்தைத் தேடிப் போக மாட்டார்.

வாங்குபவர் ஏன் கொடுக்கிறார் என்றால், கப்பலின் எஃகு அவ்வளவு நல்ல எஃகு. கப்பலின் பக்கங்களும் தளங்களும் தடித்த, தரச்சான்று பெற்ற தகடுகளால் ஆனவை. அவற்றை உருக்க வேண்டியதே இல்லை. நீள நீளமாக வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு இடையில் விட்டால் கட்டடக் கம்பி ஆகிவிடும். பாவ்நகரையும் சிஹோரையும் சுற்றியுள்ள மறுஉருட்டு ஆலைகள் இந்தத் தகடுகளை நம்பியே வளர்ந்தன. இரும்புத்தாதுச் சுரங்கம் இல்லாத வங்கதேசத்துக்கு இது இன்னும் முக்கியம். அந்நாட்டின் வீடுகளிலும் பாலங்களிலும் இருக்கும் கம்பியில் கணிசமான பகுதி சீதாகுண்டா கடற்கரையில் உடைக்கப்பட்ட கப்பல்களிலிருந்து வந்தது. தாதுவைத் தோண்டி, நிலக்கரி எரித்து, புதிதாக எஃகு செய்வதோடு ஒப்பிட்டால் இதில் மிச்சமாகும் ஆற்றல் மிகப் பெரிது. ஆகவே கப்பல் உடைப்பே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உடைக்கப்படாத கப்பல் எங்கோ ஒரு துறைமுக மூலையில் துருப்பிடித்துக் கடலில் கசியும். அதுவும் சுற்றுச்சூழலுக்கு நல்லதல்ல.

இனி, ஏன் அலங்? காம்பே வளைகுடா என்று நாம் பள்ளியில் படித்த கம்பாத் வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய 10 மீட்டர். சென்னையில் அது ஒரு மீட்டர் சொச்சம்தான் என்பதை நினைத்தால் வேறுபாடு புரியும். அலங் கரை மெல்லச் சரிந்து இறங்குவது, அடித்தரை கெட்டியானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் மிகை ஓதத்தின் உச்சத்தில் கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டினால், அது தன் எடையாலேயே தரையில் ஏறி நின்றுவிடும். நீர் இறங்கியதும் முன்பகுதி வறண்ட நிலத்தில் இருக்கும். கட்டுதுறையும் வேண்டாம், நீரை இறைத்து வற்றவைக்கும் உலர்துறையும் வேண்டாம். நிலவும் கடலும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. 1983இல் முதல் கப்பல் அங்கே ஏறியது. அதற்குப் பிறகு 8,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் அந்தக் கரையில் உடைபட்டிருக்கின்றன. 2011-12 நிதியாண்டில் மட்டும் 415 கப்பல்கள் வந்தன. கரை நெடுக குஜராத் கடல்சார் வாரியம் குத்தகைக்கு விடும் மனைகளை அங்கே எல்லோரும் பிளாட் என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு பிளாட்டுக்கும் ஓர் எண், ஒரு முதலாளி, கப்பலைக் கரைக்கு இழுக்க ஒரு பெரிய வின்ச்.

இந்தத் தொழில் எப்போதும் கடற்கரையில்தான் நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் அட்லாண்டிக்கின் புகழ்பெற்ற பயணிக் கப்பல்கள் பிரிட்டனிலேயே, அவற்றைக் கட்டிய நாட்டிலேயே உடைக்கப்பட்டன. டைட்டானிக்கின் மூத்த சகோதரியான ஒலிம்பிக் 1935இல் ஜாரோவுக்குப் போனது. கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு ஊரே வேலையில்லாமல் தவித்த காலம் அது. அந்த ஊர் மக்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அந்தக் கப்பலை வாங்கி அங்கே உடைக்க ஏற்பாடு செய்தார். அதே ஆண்டில் மௌரிடேனியா ஸ்காட்லாந்தின் ரோசைத்துக்குப் போனது. அக்விடேனியா 1950இல் ஃபாஸ்லேனில் முடிந்தது. பிறகு கூலியும் விதிகளும் உயர உயர, வேலை கிழக்கு நோக்கி நகர்ந்தது. 1970களிலும் 80களிலும் தைவானின் காவ்சியுங் துறைமுகம்தான் உலகக் கப்பல் உடைப்பின் தலைநகரம். அங்கே துறைச் சுவரோரம் கப்பலைக் கட்டி, கிரேன் வைத்து உடைத்தார்கள். 1986 ஆகஸ்டில் கனாரி என்ற டேங்கர் வெடித்து 16 பேர் இறந்த பிறகு, தைவானில் எதிர்ப்பு வலுத்தது. சில ஆண்டுகளில் அந்தத் தொழில் அங்கே ஓய்ந்தது. கப்பல்கள் மட்டும் ஓயவில்லை. அவை அலங்குக்கும் சிட்டகாங்குக்கும் பாகிஸ்தானின் கடானிக்கும் திரும்பின. ஆபத்து ஒரு நாட்டில் பொறுத்துக்கொள்ள முடியாததாக ஆகும்போது அது ஒழிவதில்லை, இடம் மாறுகிறது என்பதை இந்தத் தொழிலின் நூறாண்டு வரலாறு முழுக்கப் பார்க்கலாம்.

ராட்சத டேங்கர்களின் கதை இன்னும் வேகமானது. 1967 முதல் 1975 வரை சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. வளைகுடா எண்ணெய் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் ஐரோப்பா போக வேண்டியிருந்தது. சுற்றிப் போவதென்றால் கப்பல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம். அந்தக் கணக்கில்தான் ஐந்து லட்சம் டன் கப்பல்களுக்கு ஆர்டர்கள் குவிந்தன. பிரான்ஸின் சாங்-நசேர் தளம் 1976 முதல் 1979 வரை பத்தீயூஸ், பெல்லாமியா, பியேர் கியோமா, பிரேரியால் என்று 550,000 டன் அளவில் நான்கு கப்பல்களைக் கட்டியது. ஆனால் அவை நீரில் இறங்குவதற்கு முன்பே 1973இன் எண்ணெய் விலையேற்றம் தேவையைக் குறைத்துவிட்டது, கால்வாயும் திறந்துவிட்டது. 1977இல் வந்த பியேர் கியோமா 1983இல் தென்கொரியாவின் உல்சானில் உடைபட்டது. பத்தீயூஸ் பத்தாண்டைத் தாண்டாமல் காவ்சியுங்கில் முடிந்தது. மனிதர் கட்டிய மிகப் பெரிய நகரும் பொருள்களில் சில, ஒரு குழந்தை ஆரம்பப் பள்ளியை முடிக்கும் காலத்துக்குள் பழைய இரும்பாகிவிட்டன. அவை பழுதாகவும் இல்லை, துருப்பிடிக்கவும் இல்லை. சந்தைக்கு அவை தேவைப்படவில்லை, அவ்வளவே.

எல்லாவற்றிலும் பெரியது சீவைஸ் ஜயன்ட். ஜப்பானின் ஒப்பமா தளத்தில் 1979இல் கட்டப்பட்டது. ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். டங் அதை வாங்கி மேலும் நீட்டித்தபோது அதன் நீளம் 458 மீட்டர் ஆனது, அகலம் 68.8 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் குறுக்கே படுக்க வைத்தாலும் அந்த அகலத்துக்குள் அடங்கிவிடும். 564,000 டன்னுக்கு மேல் சுமக்கும். முழுச் சுமையோடு 24.6 மீட்டர் நீரில் அமிழ்ந்து நிற்பதால் சூயஸ், பனாமா மட்டுமல்ல, ஆங்கிலக் கால்வாய் வழியாகக்கூட அதனால் போக முடியாது. 1988 மே மாதம் ஈரான்-ஈராக் போரில், ஈரானின் லாரக் தீவருகே ஈராக் விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்தது. அப்படியும் மீட்டெடுத்து, சிங்கப்பூரில் பழுதுபார்த்து, வேறு வேறு உரிமையாளர்களின் கீழ் ஹேப்பி ஜயன்ட், யாரே வைக்கிங், நாக் நெவிஸ் என்ற பெயர்களில் மேலும் இருபதாண்டுகள் பயன்படுத்தினார்கள். கடைசிச் சில ஆண்டுகள் அது கத்தார் அருகே அல் ஷாஹீன் எண்ணெய்வயலில் மிதக்கும் கிடங்காக நின்றது. 2009இல் விற்கப்பட்டபோது பெயர் மான்ட் என்று சுருங்கியது, சியரா லியோனின் கொடி ஏறியது. அந்த டிசம்பரில் அலங்கில் கரையேற்றி, 2010இல் உடைத்தார்கள். அதன் 36 டன் நங்கூரம் ஒன்று மட்டும் இன்று ஹாங்காங் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதே டங்தான் குயின் எலிசபெத் என்ற மாபெரும் பயணிக் கப்பலை 1970இல் வாங்கி, மிதக்கும் பல்கலைக்கழகம் ஆக்க முயன்றவர். வேலை முடியும் தறுவாயில், 1972 ஜனவரியில், ஹாங்காங் துறைமுகத்திலேயே அது எரிந்து கவிழ்ந்தது. கிடந்த இடத்திலேயே அதை வெட்டி எடுத்தார்கள். பயணிக் கப்பல்களின் காலம் முடிந்து எண்ணெய்க் கப்பல்களின் காலம் உச்சத்துக்குப் போன அந்தப் பத்தாண்டை, இந்த ஒரு முதலாளியின் இரண்டு கப்பல்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

டேங்கரை உடைப்பது ஒரு வகையில் எளிது. உள்ளே பெரும்பாலும் வெற்று அறைகள்; எல்லாம் தட்டையான தகடு; அறைகலன், கம்பளம், சுவர்ப்பலகை என்று பிரிக்க அதிகம் இல்லை. டன்னுக்கு நல்ல எஃகு நிறையக் கிடைக்கும். ஆனால் அந்த வெற்று அறைகளில்தான் மரணம் இருக்கிறது. எண்ணெயை இறைத்த பின்னும் அடியில் கெட்டியான கசடு தங்கும். சுவரின் துருவுக்குள்ளும் குழாய்களின் வளைவுகளிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். குஜராத் வெயிலில் இரும்பு சூடேற ஏறக் கசடிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். காலையில் அளவெடுத்துப் பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுத்த அறை மதியம் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே கேஸ் கட்டிங் தீநாக்கு பட்டால் போதும். தீயே இல்லாமலும் சாவு வரும்: நீண்ட காலம் மூடிக் கிடந்த இரும்பறையில் துருப்பிடித்தலே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், அதனுள் இறங்குபவர் இரண்டு மூச்சுக்குள் சரிவார், அவரைத் தூக்கப் பின்னால் இறங்குபவரும் சரிவார். பம்ப் அறையும் நிலைப்படுத்தும் நீர்த்தொட்டிகளும் இதற்குப் பேர்போனவை. 2016 நவம்பர் 1ஆம் தேதி கடானியில் ஏசஸ் என்ற டேங்கர் வெடித்து எரிந்தபோது 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணெயையும் கசடையும் முழுவதும் அகற்றாமல் வெட்டத் தொடங்கியதே இத்தகைய விபத்துகளின் காரணம். அகற்றுவதற்கு நாள்கள் ஆகும். கடன் வாங்கிக் கப்பலை வாங்கிய பிளாட் முதலாளிக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். விபத்தின் வேர் அந்த அவசரத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதப்படும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை.

பயணிக் கப்பலின் ஆபத்து வேறு விதம். அதை விளக்க பிரான்ஸ் என்ற கப்பலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. பத்தீயூஸைக் கட்டிய அதே சாங்-நசேர் தளத்தில் 1960 மே மாதம், அதிபர் டி கோலின் மனைவி இவோன் டி கோல் முன்னின்று நீரில் இறக்கிய கப்பல் அது. 1962 பிப்ரவரியில் லே ஆவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். 316 மீட்டர் நீளம். 2004இல் குயின் மேரி 2 வரும்வரை அதைவிட நீளமான பயணிக் கப்பல் உலகில் இருந்ததில்லை. விமானப் போக்குவரத்தும் எண்ணெய் விலையும் சேர்ந்து 1974இல் அதை ஓரங்கட்டின. 1979இல் நார்வேக்காரர் ஒருவரின் நிறுவனம் வாங்கி, பிரெமர்ஹாஃபனில் மாற்றியமைத்து, நார்வே என்ற பெயரில் கரீபியன் உல்லாசப் பயணங்களுக்கு விட்டது. இன்றைய உல்லாசக் கப்பல் தொழில் பெரிய கப்பல்களை நோக்கித் திரும்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2003 மே 25 அன்று மயாமித் துறையில் கொதிகலன் வெடித்து 8 ஊழியர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அது பயணிகளை ஏற்றவில்லை.

இந்தக் கப்பலைக் கட்டியவர்களுக்குத் தீயைப் பற்றிய பயம் மிக நியாயமானது. 1930களில் ஜார்ஜ் பிலிப்பார், லா அட்லாண்டிக், பாரீஸ், 1942இல் நியூயார்க்கில் நார்மண்டி என்று பிரெஞ்சுப் பயணிக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீக்கு இரையாகியிருந்தன. எனவே பிரான்ஸ் கப்பலில் மரத்தைக் கூடியவரை தவிர்த்து, தடுப்புச் சுவர்களிலும் குழாய்ப் போர்வைகளிலும் கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) நிறையப் பயன்படுத்தினார்கள். 40 ஆண்டுகள் பயணிகளைத் தீயிலிருந்து காத்த அந்தக் கல்நார்தான் உடைப்பவர்களுக்கு நஞ்சானது. அப்படியே ஒட்டிக் கிடக்கும்வரை அது தீங்கு செய்யாது. பிய்க்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தைத்துக்கொள்ளும். 20 முதல் 40 ஆண்டுகள் கழித்து நுரையீரல் இறுகும் நோயாகவோ, நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயாகவோ வெளிப்படும். அந்தக் கப்பலில் 1,200 டன்னுக்கும் மேல் கல்நார் கலந்த பொருள்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. ஒரு டேங்கரில் என்ஜின் அறையோடும் மாலுமிகளின் குடியிருப்போடும் முடிந்துவிடும் ஒன்று, பழைய பயணிக் கப்பலில் ஆயிரம் அறைகளின் ஒவ்வொரு சுவருக்குள்ளும் இருக்கிறது.

அந்தக் கப்பல் இந்தியாவுக்கு வந்த வழியைக் கவனித்துப் பாருங்கள். 2005இல் அது ஜெர்மனியை விட்டு இழுத்துச் செல்லப்பட்டபோது, ஆசியாவில் மீண்டும் பயன்படுத்தப்படும் என்று சொல்லப்பட்டது. உடைப்புக்கு என்று சொல்லியிருந்தால், அபாயக் கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை குறுக்கே நின்றிருக்கும். மலேசியாவில் சில மாதங்கள் நின்றது. 2006 பிப்ரவரியில் வங்கதேச அரசு, கல்நாரைக் காரணம் காட்டி அதை உள்ளே விட மறுத்தது. பிறகு கை மாறி, புளூ லேடி என்று பெயர் மாறி, இந்தியக் கடலுக்கு வந்தது. பருவமழைக் காலம் தொடங்கிவிட்டதால் மனிதாபிமான அடிப்படையில் உச்ச நீதிமன்றம் அதை இந்திய நீருக்குள் வர அனுமதித்தது. ஆகஸ்ட் 15 அன்று அலங்கில் கரையேறியது. கரையேறிய கப்பலைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2007 செப்டம்பர் 11 அன்று உடைக்க அனுமதி வழங்கிய தீர்ப்பு, 700 பேருக்கு வேலையும் 41,000 டன் எஃகும் கிடைக்கும் என்பதை எடுத்துச் சொன்னது. அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் கல்நாரை நீக்கும் செலவை அந்தக் கப்பலால் சம்பாதித்தவர்கள் ஏற்க வேண்டாமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. புளூ லேடி கரையேறுவதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2006 பிப்ரவரியில், அலங்கை நோக்கி வந்துகொண்டிருந்த கிளமான்சோ என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை பிரெஞ்சு அதிபர் சிராக் திரும்ப அழைத்தார். அது பின்னர் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உடைக்கப்பட்டது. போர்க்கப்பலுக்கு ஓர் அரசு உரிமையாளராக இருந்தது. புளூ லேடிக்கு அப்படிப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

உரிமையாளர் மறைவது எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். ஓடி முடித்த கப்பலை நிறுவனம் நேரடியாக அலங் முதலாளிக்கு விற்பது அரிது. இடையில், முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்து, கப்பல் நிற்கும் இடத்திலேயே, இருக்கும் நிலையிலேயே வாங்கும் இடைத்தரகர் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் வாங்கியவுடன் ஒரு புதிய நிறுவனத்தின் பெயரில் கப்பலைப் பதிவார்கள். கொமரோஸ், பலாவ், செயின்ட் கிட்ஸ் நெவிஸ் போன்ற சிறு நாடுகளின் கொடி ஏறும். பெயரின் சில எழுத்துகள் அழிக்கப்பட்டுப் புதிய பெயர் பிறக்கும். கடைசிப் பயணம் மட்டுமே அந்தக் கொடியின் கீழ் நடக்கும். இது ஒவ்வொன்றும் சட்டப்படி சரி. எல்லாம் சேரும்போது பொறுப்பு என்பது யாரிடமும் இல்லாமல் கரைந்துவிடுகிறது. 1989இல் அலாஸ்காவில் பாறையில் மோதி, ஒரு கோடி கேலனுக்கு மேல் எண்ணெயைக் கொட்டிய எக்சான் வால்டெஸ்கூட இந்த வழியில்தான் வந்தது. பெயர் பல முறை மாறி, டேங்கர் என்பதிலிருந்து தாதுக் கப்பலாகவும் மாறி, ஓரியண்டல் நைசிட்டி என்ற பெயரில் 2012இல் அலங்கை அடைந்தது. அதன் பழைய அடையாளம் தெரிந்தவர்கள் வழக்குத் தொடுத்ததால்தான் அந்தப் பழைய பெயர் வெளியே வந்தது.

கப்பலிலிருந்து எஃகு தவிர வருபவற்றைப் பற்றியும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திராபஜ் ஊரிலிருந்து அலங் போகும் சாலையின் இரு பக்கமும் காயலான் கடைகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன: கட்டில், மெத்தை, சமையலறைப் பாத்திரம், உயிர்காப்பு மிதவை, ஜெனரேட்டர், குளிர்பதனப் பெட்டி, கண்ணாடிக் கோப்பை எல்லாம் கிடைக்கும். பயணிக் கப்பல் வந்தால் அந்தச் சாலை களைகட்டும். பிரான்ஸ் கப்பலின் முன்பகுதியான அணியத்தின் முனை மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, ஏலத்துக்காகப் பாரீஸ் திரும்பியது. நம் பக்கத்துக் கப்பல்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல தலைமுறைத் தமிழர்களைச் சுமந்த ரஜுலா, 1926இல் கட்டப்பட்டு அரை நூற்றாண்டு நெருங்கும்வரை ஓடி, 1970களின் நடுவில் மும்பையில் உடைக்கப்பட்டது. அதன் பின்வந்த சிதம்பரம், 1985 பிப்ரவரியில் தீப்பிடித்த பிறகு அதே மும்பையில் அதே முடிவை அடைந்தது. மலேயாவுக்குப் போன தாத்தா பாட்டியின் பயணத்தைத் தேடும் குடும்பங்களுக்கு இன்று பயணச்சீட்டும் புகைப்படமும்தான் மிச்சம்.

தொழிலாளர்களிடம் வருவோம். அலங்கில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, பிகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வருபவர்கள். உச்ச நீதிமன்றம் கேட்டு 2006இல் தயாரான நிபுணர் குழு அறிக்கையில் இரண்டு தகவல்கள் உண்டு. கப்பல் உடைப்பில் ஆண்டுக்கு ஆயிரம் தொழிலாளர்களில் 2 பேர் விபத்தில் இறக்கிறார்கள். சுரங்கத் தொழிலில் அது 0.34. கல்நாரோடு வேலை செய்தவர்களைச் சோதித்தபோது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நுரையீரல் இறுகும் நோயின் தொடக்க அறிகுறிகள் இருந்தன. முதல் எண்ணிக்கை அதன் பிறகு குறைந்திருக்கிறது. பயிற்சி, தலைக்கவசம், கிரேன், கழிவுக் கிடங்கு எல்லாம் வந்திருக்கின்றன, அதை மறுப்பது நேர்மையாகாது. இரண்டாவது எண்ணிக்கையை இனி யார் எண்ணுவார்கள்? ஒப்பந்தக் கூலியாக நான்கு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்குத் திரும்பியவருக்கு 55 வயதில் மூச்சு முட்டும்போது, அவர் எந்தப் பிளாட்டில் எந்தக் கப்பலை உடைத்தார் என்று அந்த ஊர் மருத்துவர் கேட்கப் போவதில்லை. அலங்கில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும், ஊர் திரும்பிய பிறகும், வாழ்நாள் முழுவதும் தொடரும் மருத்துவப் பதிவும் பரிசோதனையும் இருக்க வேண்டும். கல்நார் நோய் அதைத்தவிர வேறு எந்த வழியிலும் கணக்கில் வராது.

சட்டத்தின் நிலை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கீழ் 2009இல் ஏற்கப்பட்ட ஹாங்காங் உடன்படிக்கை, போதுமான நாடுகள் சேராததால் பதினாறு ஆண்டுகள் காத்திருந்து, 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019இல் சேர்ந்து கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. 2023இல் வங்கதேசமும் லைபீரியாவும் சேர்ந்ததே கடைசித் தடையை நீக்கியது. மொத்தக் கொள்ளளவு 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கப்பலும் தன்னிடமுள்ள அபாயப் பொருள்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு கப்பலையும் உடைக்கத் தனித் திட்டம் வேண்டும், தளத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். அலங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பிளாட்டுகள் இந்த விதிகளுக்கு ஏற்ற சான்றிதழைப் பெற்றுவிட்டன. ஆனால் மணலில் ஏற்றி உடைக்கும் முறையை இந்த உடன்படிக்கை தடை செய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிச் சட்டமோ தன் நாடுகளின் கொடியுள்ள கப்பல்களை அங்கீகரிக்கப்பட்ட தளங்களில் மட்டுமே உடைக்க அனுமதிக்கிறது. அந்தப் பட்டியலில் அலங்கின் ஒரு பிளாட்கூட இல்லை. கொடியை மாற்றினால் அந்தச் சட்டம் விலகிவிடும் என்பதால், இந்த வேறுபாடு நடைமுறையில் நினைத்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

அலங்கை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடினால் காவ்சியுங்கில் நடந்ததுதான் நடக்கும். இன்னும் கேட்பார் இல்லாத ஒரு கரைக்கு வேலை போகும். மணலில் கப்பலின் முன்பகுதியைக் கையாளும் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறியிருந்தாலும், எண்ணெயும் கசடும் நிறைந்த பின்பகுதியும் அடிப்பகுதியும் ஓதம் புரளும் சேற்றில்தான் நிற்கின்றன. வெட்டும் துண்டு விழும் இடத்தில் சிந்துவதைக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை வந்து கழுவிக்கொண்டு போகிறது. அதை மாற்ற, கசிவில்லாத தரையும் உலர்துறையும் கனரக கிரேனும் வேண்டும். அவற்றுக்கான பணத்தை பாவ்நகர் முதலாளி தன் லாபத்திலிருந்து போடுவார் என்று எதிர்பார்ப்பது வீண். கப்பல் ஓடும் காலத்திலேயே, ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சிறு கட்டணம் வாங்கி, அது பாதுகாப்பாக உடைக்கப்பட்ட பிறகே கடைசி உரிமையாளருக்குத் திருப்பித் தரும் நிதி ஒன்றை உருவாக்கலாம். ஐரோப்பிய ஆணையம் இத்தகைய உரிமக் கட்டண யோசனையை 2016 வாக்கில் ஆராய்ந்தது, ஆனால் சட்டமாக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை, கொடி மாற்றத்தையும் இடைத்தரகரையும் மீறிப் பொறுப்பைக் கப்பலோடு கட்டிவைக்கும் வழிகளில் மிகத் தெளிவானது அதுதான்.

இதற்கு அவகாசமும் அதிகமில்லை. 1999இல் எரிகா, 2002இல் பிரெஸ்டீஜ் என்ற டேங்கர்கள் ஐரோப்பியக் கரைகளில் உடைந்த பிறகு, ஒற்றைச் சுவர் டேங்கர்களை உலகம் விரைவாகக் கைவிட்டது. அவற்றின் இடத்தில் 2000களில் கட்டப்பட்ட பெரும் இரட்டைச் சுவர் டேங்கர் படைக்கு இப்போது இருபது வயது நெருங்குகிறது அல்லது கடந்துவிட்டது. இரட்டைச் சுவர் என்றால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே இன்னும் குறுகலான, காற்றில்லாத அறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று பொருள். கப்பல்களில் கல்நார் 2011இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது என்பதால், அவற்றில் பலவற்றின் இணைப்பு வளையங்களிலும் குழாய்ப் போர்வைகளிலும் அது இன்னும் இருக்கலாம். அந்தக் கப்பல்களின் அபாயப் பொருள் பட்டியலை, அவை இன்னும் தம் உண்மையான உரிமையாளர்களின் கையில் இருக்கும் இந்த ஆண்டுகளிலேயே இந்திய அரசும், கப்பல்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனங்களும் சரிபார்த்துக்கொள்ள முடியும்; அலங்கின் வெளித்துறையில் புதுப் பெயரோடு நங்கூரமிட்ட பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.